சுவருக்கு இந்தப் பக்கம் சைவம்

ஜூன் 3, திங்கள்

எதிர்வீட்டில் பலகை மாட்டிவிட்டார்கள். ‘தோழன் செல்லப்பிராணிகள் மருத்துவமனை. டாக்டர் பேச்சியம்மாள்’. கீழே ஒரு நாயும் பூனையும் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்பது போலப் படம். நாயும் பூனையும் எந்த ஊரில் அப்படி நிற்கின்றன? ஆரம்பமே பொய்.

இன்று முதல் நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன். மாநகராட்சியில் மனு கொடுத்தால் ஆதாரம் கேட்பார்கள். பாளையங்கோட்டையில் இத்தனை தெரு இருக்க, என் வாசலுக்கு எதிரே நாய் ஆஸ்பத்திரி வருகிறதென்றால் நான் சும்மா இருக்க முடியாது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. படிப்பை நான் விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தை அகராதி வைத்துக்கொண்டு நானாகவே படித்தேன். கண்டக்டராகச் சேர்ந்து, பஸ்களில் டிக்கெட் பரிசோதிக்கும் செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். டிக்கெட் எடுக்காதவன் எந்த சீட்டில் பதுங்கி இருந்தாலும் படியில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். இந்தச் சிவனணைந்தபெருமாளை ஏமாற்றிவிட்டு ஒருவரும் இறங்கிப் போனதில்லை.

ஜூன் 6, வியாழன்

திறப்பு விழா. நோட்டீசில் ‘நம்ம தெரு செல்லங்களுக்கு இந்த மாதம் பரிசோதனை இலவசம், அனைவரும் வருக’ என்று போட்டிருந்தது. அனைவரும் என்று போட்டிருந்ததால் போனேன். வாழ்த்த அல்ல, பார்வையிட.

நாய்கள் ஏழெட்டு, ஒரு முயல், பால்காரர் வீட்டு ஆடு. ஆடு மாலையைத் தின்றுகொண்டிருந்தது. கம்பவுண்டர் செல்வின் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

“வாங்க அண்ணாச்சி. உங்க வீட்ல என்ன இருக்கு?”

“நான் இருக்கேன்.”

“இல்ல அண்ணாச்சி, வளக்கது…”

“என்னைய நான்தான் வளக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. டாக்டரம்மா சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. “எதுத்த வீடுதான சார்? உங்க சன்னல்ல வெள்ளையும் மஞ்சளுமா ஒரு பூனை உக்காந்திருக்குமே” என்றாள்.

“அது என் பூனை இல்ல. என் சன்னல்ல உக்காருத பூனை.”

உண்மையைத்தான் சொன்னேன். அதைக் கொண்டுவந்தது என் மனைவி ஆவுடையம்மாள். அவள் போய் மூன்று வருடமாகிறது. அது போகவில்லை. நானும் போகவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குள் சம்பந்தம். தயிர்சாதம் மிஞ்சுகிறது, வைக்கிறேன். மிஞ்சும்படி பொங்குகிறேன் என்று என் மகள் போனில் சொல்வது அபாண்டம்.

ஜூன் 7, வெள்ளி

குரைப்பு. காலையில் இரண்டு நாய், மாலையில் ஒன்று. மாலை நாய்க்குக் குரல் வளம் உண்டு.

ஜூன் 10, திங்கள்

மனு தயார். ‘குடியிருப்புப் பகுதியில் மிருக ஓசையினால் முதியோர் அடையும் இன்னல் குறித்து’. தெரு முழுக்க நடந்தேன். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஒருவர் நாயை அங்கேதான் காட்டுகிறார். இன்னொருவர் வீட்டில் நாய் இல்லை, இனிமேல் வாங்கலாம் என்று இருக்கிறாராம். ஆக மனுவில் இருப்பது ஒரே கையெழுத்து. அது தெளிவாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி டீச்சரிடம் கேட்கவில்லை. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. காரணத்தையும் எழுதி வைக்கிறேன். புதன், சனி இரண்டு நாளும் அவர்கள் வீட்டு மீன்குழம்பு வாசனை சரியாகப் பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்குள் நுழையும். நான் ஏழு தலைமுறையாகச் சைவம். பொறுத்துப் பார்த்தேன், இரண்டு மனு கொடுத்தேன். ஒன்றும் நடக்காததால் போன வருடம் பங்குனியில் என் செலவில் காம்பவுண்டுச் சுவரை உயர்த்தினேன். சன்னல்களுக்கு வலை அடித்தேன். கொல்லையில் சுவருக்கு அடியில் மழைத்தண்ணீர் போக ஒரு பொந்து இருந்தது. அதையும் சிமென்ட் வைத்து அடைத்தேன்.

அடைக்கும்போது டீச்சர் அந்தப் பக்கம் நின்று, “சார், சுவர எவ்வளவு வேணும்னாலும் ஏத்துங்க. அந்தப் பொந்த மட்டும் விட்டுருங்க சார்” என்று கெஞ்சினார்கள். வாசனை அனுப்ப வழி கேட்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். இன்னும் ஒரு கரண்டி சிமென்ட் கூட வைத்தேன்.

ஜூன் 13, வியாழன்

அந்தச் சன்னல் பூனை இன்று நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டது. நாற்காலி பத்து வருடமாக அங்கேயேதான் கிடக்கிறது. இருந்தாலும் நகர்த்திப் போட்டேன். எனக்கும் வழியில்தான் இருந்தது.

ஜூன் 17, திங்கள்

தயிர்சாதத்தைத் தொடவில்லை. பால் ஊற்றினேன், நெய் விட்டேன். ஒரு வாய் நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. சன்னலில் ஏறுவதில்லை. ஏறப் பார்த்துத் தவறி விழுந்தது. விழுந்ததைக் காட்டிக்கொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்து முகம் கழுவியது. அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

இந்தப் பூனையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிறந்ததிலிருந்து தயிர்சாதம், பருப்புசாதம், பால். எலியை ஏறெடுத்தும் பார்க்காது. ‘என் வீட்டில் பூனைகூடச் சைவம்’ என்று டிப்போவில் நான் சொல்லாத ஆள் இல்லை. பூனைக்கு மாமிசம் வேண்டும் என்பதெல்லாம் பழக்கம்தான், பழக்கினால் மாறும் என்று நான் வாதித்தபோது மேனேஜரே எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜூன் 19, புதன்

ஓசை பற்றி நேரில் எச்சரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போன இடத்தில் பேச்சு வந்தது.

“டாக்டரம்மா, ஒரு பூனை முட்டிக்கிட்டே நடந்தா, சாப்பிடாம இருந்தா என்னவா இருக்கும்? பொதுவா கேக்கேன்.”

“எந்தப் பூனை சார்?”

“எந்தப் பூனையும் இல்ல. பொது அறிவுக்கு.”

“பொது அறிவுக்கு ஊசி போட முடியாது சார். தூக்கிட்டு வாங்க.”

“என் பூனை இல்லன்னு சொன்னேனே.”

“உங்க பூனையத் தூக்கிட்டு வாங்கன்னு நான் சொல்லலியே. முட்டிக்கிட்டு நடக்குத பூனையத் தூக்கிட்டு வாங்க.”

நன்றாகப் பேசுகிறாள். டிக்கெட் எடுக்காதவர்களும் நன்றாகத்தான் பேசுவார்கள்.

ஜூன் 20, வியாழன்

கட்டைப்பையில் வைத்து மேலே துண்டு போட்டு, காய் வாங்கப் போவது போலத் தெருவைக் கடந்தேன். பை கத்தியது.

உள்ளே அரைத் தெரு உட்கார்ந்திருந்தது. மூலையில் ஞானசௌந்தரி டீச்சர், மடியில் ஒரு கோழி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“பேரு அண்ணாச்சி?” செல்வின் கேட்டார்.

“சிவனணைந்தபெருமாள்.”

“பூனைக்கா?”

மறுபடியும் சிரிப்பு. ஆவுடை அதைக் கூப்பிட்ட பெயரைச் சொன்னேன். சிவகாமி.

“ஓனர்?”

“ஓனர் கிடையாது. நான் கூட வந்தவன்.”

அப்படியே எழுதிக்கொண்டார். சற்று நேரத்தில், “சிவகாமி! சிவகாமிகூட வந்தவர்!” என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். துண்டை எடுத்தேன். அது தலையைத் தூக்கியதுதான் தாமதம், மூலையிலிருந்து, “ஐயோ, ரோஸீ! எப்படி எளைச்சுட்ட!” என்று ஒரு சத்தம். பார்த்தால் டீச்சர். உடனே குனிந்து கோழியைத் தடவினார்கள். கோழிக்கு ரோஸி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் போலும். கோழி ஒன்றும் இளைத்த மாதிரி தெரியவில்லை. ஆனால் சிவகாமி அந்தப் பக்கம் திரும்பி ஏன் அத்தனை நேரம் கத்தியது என்று விளங்கவில்லை.

டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். சிரிப்பு போய்விட்டது.

“என்ன சாப்பாடு குடுக்கீய?”

“சைவம். பிறந்ததுலேருந்து.”

“எத்தன வயசு?”

“எட்டு.”

“இருக்காது சார்.”

“எட்டுதான்.”

“வயசச் சொல்லல. பூனைக்கு டாரின்னு ஒரு சத்து வேணும். அது மீன்லயும் கறிலயும்தான் இருக்கு. நமக்கு உடம்பே செஞ்சுக்கிடும், பூனைக்குச் செய்யாது. அது இல்லன்னா கண்ணு போகும், நெஞ்சு வீங்கும். இதுக்கு ரெண்டும் ஆரம்பிச்சிட்டு. ஆனா எட்டு வருசமா இல்ல. ஒரு வருசமாத்தான். அதுவரைக்கும் யாரோ மீன் போட்டிருக்காங்க.”

என் பூனையின் ஒழுக்கத்தை, அதாவது அந்தப் பூனையின் ஒழுக்கத்தை, என் முகத்துக்கு எதிரே சந்தேகித்தாள். ஊசி போட்டாள். ஒரு பொடி கொடுத்தாள். “மருந்து மட்டும் போதாது சார். மீன் குடுங்க. இப்பவே ஆரம்பிச்சா நெஞ்சு சரியாகிரும், மிச்சப் பார்வையையாவது காப்பாத்திரலாம். விட்டா இந்த மாசம் தாங்காது” என்றாள்.

என் வீட்டுக்குள் மீன் வராது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

“அப்ப பூனைய வெளிய அனுப்புங்க.”

“அது வெளிய போகாது. வலை அடிச்சிருக்கேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பையைப் பார்த்தேன்.

ஜூன் 22, சனி

சைவத்தில் இல்லாத சத்து எதுவும் கிடையாது என்பதை நிரூபிக்கும் முயற்சியில் இருக்கிறேன். பொடியைத் தயிரில் கலந்தேன், இல்லை. பருப்பில், இல்லை. சோயா உருண்டை கறி மாதிரியே இருக்கும் என்றார்கள். எனக்குக் கறி எப்படி இருக்கும் என்று தெரியாது, அதற்கும் தெரியாது என்று நினைத்தேன். முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. கடைசியாக வாழைக்காயை மீன் துண்டு போலச் சாய்வாக நறுக்கி மசாலா தடவிப் பொரித்து வைத்தேன். அருமையாக வந்திருந்தது. சிவகாமி ஒரு முறை முகர்ந்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கிழிந்த நோட்டை மடித்துக் கொடுத்தவனைக் கண்டக்டர் பார்க்கும் பார்வை.

வாழைக்காய் முழுவதையும் நானே தின்றேன். வயிறு சரியில்லை.

ஜூன் 24, திங்கள்

பூனைக்கென்று பாக்கெட் விற்கிறார்களாம். கடையில் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ‘கடல் மீன் சுவையுடன்’. சுவை மட்டுமா, மீனே உண்டா என்று கேட்டேன். மீனேதான் என்றான். வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் சிவகாமியைக் காணோம். தேடினால் கொல்லையில், நான் அடைத்த பொந்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. சிமென்ட்டில் மூக்கை வைத்துக்கொண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். “ரோஸி, இருக்கியா தங்கம்? கேக்குதா?” கோழியிடம்தான். கோழி எங்கள் சுவரோரம் என்ன செய்கிறது?

நான் முன்னாள் செக்கிங் இன்ஸ்பெக்டர். சில விஷயங்களைக் கண்டுபிடிக்க விரும்பவில்லை என்பதையும் என்னால் கண்டுபிடிக்க முடியும். இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஜூன் 27, வியாழன்

காலையில் சிவகாமி எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டது. எதிர்வீட்டுக்குச் செருப்புப் போடாமல் ஓடினேன். டாக்டரம்மா வந்தாள், ஊசி போட்டாள்.

“இன்னைக்கு இது சாப்பிடணும் சார். எதுன்னு உங்களுக்குத் தெரியும். இனி உங்க இஷ்டம்.”

அவள் போன பிறகு கொஞ்ச நேரம் ஆவுடை படத்துக்கு எதிரே நின்றேன். அவள் எப்போதும்போல எனக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் வீட்டுக் கேட்டைத் தட்டினேன். கரண்டியோடு வந்தார்கள். என்னைக் கண்டதும் கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

“இன்னைக்கு மீன் வைக்கல சார். வியாழக்கிழமை. ரசம்தான்.”

“ஏன் வைக்கல?”

கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது. டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“மனு போடதுக்கு மீன் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் சார்.”

“சிவகாமிக்கு முடியல டீச்சர்.”

“ரோஸிக்கு என்ன?” கரண்டி கீழே விழுந்தது.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. அழுகையும் கோபமுமாகச் சொன்னார்கள். “குட்டியா இருந்தப்பவே அக்கா எங்கிட்ட வந்தாங்க சார். ‘டீச்சர், இது தயிர்சாதத்துல பொழைக்காது. நான் கையால மீனத் தொட்டா எங்க வீட்டு மனுசன் வீட்டையே ரெண்டாக்கிருவாரு. நீ பொந்து வழியா ஒரு சாளத் தலையப் போடு. நான் பாத்திரம் தேய்க்க மாதிரி அங்கன காவல் நிக்கேன்’னாங்க. அக்கா போனப் பொறவும் நான் நிறுத்தல. ரோஸி இங்க மீன் தின்னுட்டு, வாயத் தொடச்சிக்கிட்டு, உள்ள வந்து உங்க தயிர்சாதத்தையும் ரெண்டு வாய் தின்னும். மரியாதைக்கு.”

பாத்திரம் தேய்க்க ஆவுடை எடுத்துக்கொள்ளும் நேரம் பற்றி நான் எத்தனை முறை குறைப்பட்டிருக்கிறேன்! நாலு பாத்திரத்துக்கு முக்கால் மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள். புதனும் சனியும்.

ஏழு வருடம் என் கண்ணெதிரே டிக்கெட் இல்லாத பயணம். அதில் கண்டக்டரே உடந்தை.

“ஃபிரிட்ஜ்ல ரெண்டு சாளை கிடக்கு. உப்புக் காரம் இல்லாம அவிச்சுத் தாரேன். கொண்டு போங்க” என்றார்கள்.

“என் வீட்டுக்குள்ள மீன் வராது.”

“அப்ப எதுக்கு சார் வந்தீய?”

“நீங்க அவிச்சு வைங்க. நான் வழி பண்ணுதேன்.”

கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். நானே வைத்த சிமென்ட், அதுவும் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தது, லேசில் விடவில்லை. சத்தம் கேட்டு டாக்டரம்மாவும் செல்வினும் ஓடி வந்தார்கள்.

“சார், என்ன செய்யுதீய?”

“ஆக்கிரமிப்பு அகற்றுதேன்.”

செல்வின் கடப்பாரையை வாங்க வந்தார். கொடுக்கவில்லை. அடைத்தவன் நான், திறப்பவனும் நானாகத்தான் இருக்க வேண்டும். திறந்தேன். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது, பிறகு டீச்சரின் கை, கையில் ஒரு சாசர்.

சிவகாமியைத் தூக்கி வந்து, தரையில் குப்புறப் படுத்து, அதன் தலையைப் பொந்துக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? விட்டேன். வாசனை வந்தது. வரட்டும்.

“ரோஸி, ரோஸிம்மா, ஒரு வாய்” என்று அந்தப் பக்கம் கெஞ்சல். முதலில் ஒன்றுமில்லை. பிறகு என் கைக்குள் அதன் கழுத்து லேசாக அசைந்தது. நக்கியது. இன்னொரு முறை. பிறகு சாசர் சுவரில் உரசும் சத்தம்.

“தின்னுதா?” என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மண் கண்ணில் விழுந்திருந்தது.

“தின்னுது சார். தின்னுது. நீங்க அழாதீய.”

“மண்ணு டீச்சர்.”

பதிவுக்காக எழுதுகிறேன். மீன் என் எல்லைக்குள் வரவில்லை. பூனையின் தலை மட்டும்தான் எல்லையைத் தாண்டியது. உடம்பு என் பக்கம் சைவமாகவே இருந்தது.

ஜூன் 28, வெள்ளி

இரண்டு வேளையும் குப்புறப் படுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டரம்மாவிடம் காட்டலாமா என்று யோசித்தேன். மிருக டாக்டர் என்பது பிறகு ஞாபகம் வந்தது.

ஜூலை 3, புதன்

தானே நடந்து போய்ப் பொந்தில் தலையை விட்டது. வாலும் உள்ளே போய்விட்டது. எல்லை விஷயத்தில் இனி நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. திரும்பி வந்து, தட்டில் இருந்த தயிர்சாதத்தில் இரண்டு வாய் தின்றது. மரியாதைக்கு.

மாலையில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். பார்வை போனது போனதுதான், மிச்சம் நிற்கும் என்றாள். நாற்காலியை மட்டும் இனி இடம் மாற்ற வேண்டாமாம். பூனைக்கு வீடு மனப்பாடம் என்றாள். பழைய இடத்துக்கே போட்டுவிட்டேன்.

கிளம்பும்போது செல்வினிடம் சொன்னேன். “தம்பி, அந்தக் கூட வந்தவன்கிறத அடிச்சிரும்.”

“வேற என்ன போட அண்ணாச்சி? ஓனர்னா?”

“ஓனர்னு எதுக்குப் போடணும்? பேருக்கு முன்னால ஒரு எழுத்து இல்லாம இந்த நாட்ல எந்த ஆபீஸ்லயும் செல்லாது. அதுக்காகச் சொல்லுதேன். சி. சிவகாமின்னு போடும்.”

“அப்ப ரோஸி?” கோழியோடு உட்கார்ந்திருந்த டீச்சர் விடவில்லை.

“அதையும் நடுவுல போட்டுக்கிடும்” என்றேன். கோழியின் பெயரை இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜூலியட்.

ஜூலை 10, புதன்

மனுவைக் கிழிக்கவில்லை. மாலை நாய் இன்னும் குரைக்கிறது. தேதியை மாற்றினால் போதும். இருந்தாலும் அதற்குத் தொண்டை கட்டியிருக்கிற மாதிரி படுகிறது. டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும்.

மணி பன்னிரண்டேகால். சிவகாமி பொந்துக்கு எதிரே உட்கார்ந்து பத்து நிமிடமாகிறது. நான் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்று புதன்கிழமை. இன்னும் வாசனை வரவில்லை. எட்டு வருடமாகப் பன்னிரண்டு மணிக்குத் தவறாமல் வந்த வாசனை, தேவைப்படும் நாளில் இப்படித் தாமதித்தால் என்ன அர்த்தம்? எழுந்துபோய்ச் சுவரைத் தட்டினேன்.

“டீச்சர், என்ன இன்னும் வரல?”

“மீன்காரர் இப்பத்தான் சார் வந்துட்டுப் போறாரு. கொஞ்சம் பொறுங்க.”

மீன்காரர் வரும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது குறித்து ஒரு மனு எழுத வேண்டும். இந்த மனுவுக்கு இரண்டு கையெழுத்து கிடைக்கும்.